கீறலின் இரண்டு படங்கள்

அந்த இரண்டு படங்களையும் இப்போதும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்ட முடியும். இடது பக்கப் படத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தோல் செல்கள். அவற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெற்றுப் பாதை. பாதையின் வலக் கரையில் ஓரிடத்தில் மூக்கு மாதிரி ஒரு சிறு துருத்தல். வலது பக்கப் படத்திலும் அதே மாதிரி செல்கள், அதே மாதிரி பாதை, ஏறக்குறைய அதே அகலம். மூக்கு மட்டும் இல்லை. கீழே நான் எழுதியிருந்தேன்: 'மருந்து இட்ட தட்டு, கீறிய உடனே. அதே இடம், இருபத்து நான்கு மணி நேரம் கழித்து.'

அதே இடம் என்பது பொய்.

அந்தப் பொய் ஆய்வுக்கூடத்தோடு நின்றிருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அங்கே அது ஒரு சின்ன அற்பத்தனம், அவ்வளவுதான். நான் அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நான் சென்னையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரைகள் தோல் செல்களின் வளர்ச்சியையும் நகர்வையும் என்ன செய்கின்றன என்பது என் தலைப்பு. கொலஸ்ட்ரால் என்றதும் ரத்தக்குழாயை அடைக்கும் வில்லன் என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. ஆனால் செல் ஒவ்வொன்றும் தன் உறையைக் கட்ட அதைத்தான் நம்பியிருக்கிறது. நம் தோலின் மேலடுக்கு தண்ணீர் கசியாமல் இருப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. தோல் செல் தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஸ்டாட்டின் அந்தத் தயாரிப்பின் தொடக்கத்திலேயே கை வைக்கிறது. செல் நகர்வதற்கு வேண்டிய வேறு சில பொருட்களும் அதே வழியில்தான் உண்டாகின்றன. ஆகவே வழியை அடைத்தால் செல்கள் பெருகுவது குறையலாம், காயத்தை மூட ஊர்ந்து வருவதும் குறையலாம். குறையலாம் என்பதை இன்று அழுத்தி எழுதுகிறேன். அன்று எனக்கு 'லாம்' போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டாலே இளக்காரம்.

சோதனை மிக எளிது. எப்போதோ யாரோ ஒருவரின் தோலிலிருந்து எடுத்து வழிவழியாக வளர்த்துவரும் செல்களைத் தட்டில் விட்டு, இடைவெளியில்லாமல் பரவும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு பிப்பெட்டின் மஞ்சள் நிற பிளாஸ்டிக் முனையால் நேராக ஒரு கோடு கீற வேண்டும். அதுதான் காயம். மருந்து கலந்த திரவத்தை ஊற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். மறுநாள் அதே இடத்தைத் தேடிப் பிடித்து இன்னொரு படம். இடம் தவறாமல் இருக்கத் தட்டின் அடியில் மார்க்கர் பேனாவால் குறி போட்டிருப்போம். ஒரு தட்டுக்கு ஆறு இடம்.

மருந்து ஊற்றிய என் தட்டில் சில இடங்களில் பாதை மூடவேயில்லை. சில இடங்களில், மருந்தே காணாத தட்டில் நடப்பதுபோல, இரண்டு கரையும் ஊர்ந்து வந்து ஒட்டிக்கொண்டிருந்தன. ஆறையும் அளந்து சராசரி போட்டிருக்க வேண்டும். நான் மூடாத இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. முதல் நாள் படம் பளிச்சென்று விழுந்திருந்த இடம் மறுநாள் பாதி மூடிப்போயிருந்தது. மறுநாள் அகலமாகத் திறந்து கிடந்த இடத்துக்கு முதல் நாள் படம் கலங்கல். பளிச்சென்று இருந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மனம் உறுத்தவில்லை. உண்மை இப்படித்தான், படம்தான் சரியாக விழவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என் வழிகாட்டியை நாங்கள் மேடம் என்போம். லேசில் சிரிக்காதவர். அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்து, "வெரி நைஸ்" என்றார். மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே படங்களைப் பையில் வைத்துக்கொண்டு காஞ்சிபுரம் பஸ் ஏறிவிட்டேன்.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீடு பட்டு நெய்யும் வீடு. கூடத்தில் இரண்டு குழித் தறி. அப்பா போன பிறகு என்னை வளர்த்தது என்னைவிடப் பதினான்கு வயது மூத்த அண்ணன்தான். வாய்த்துடுக்கு ஜாஸ்தி. யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டான், புடவையைத்தான், அதில் ஒன்றுபோல வரிசையாக நெய்திருக்கும் புட்டாப் பூக்களைத்தான் பார்ப்பான். "நாலாவது புட்டாவுல ஒரு இழை வுட்டுட்டான்" என்று பந்தியில் உட்கார்ந்து எல்லோரும் கேட்கச் சொல்வான். அண்ணி தொடையில் கிள்ளுவார். அவன் சொன்னது தப்பென்று யாரும் நிரூபித்ததில்லை.

அதற்கு முந்தைய வருடம் அவனுக்கு மாரடைப்பு வந்தது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஜரிகை வரும் அட்டைப்பெட்டி ஒன்றில் அவனுடைய மாத்திரைகள் இருக்கும். அதில் ஒன்று ஸ்டாட்டின். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடுவது என்பதால் வீட்டில் அதற்கு ராத்திரி மாத்திரை என்று பெயர்.

இதயம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கால்தான் படுத்தியது. இடது கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கம், எட்டணாக் காசு அளவில் ஒரு புண். தறிக் கட்டையில் இடித்துக்கொண்டதில் வந்தது. நான்கு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. களிம்பு தந்தார்கள், தடவினான், ஆறவில்லை.

"இன்னா பாப்பா, ஊரு தோலெல்லாம் ஆராய்ச்சி பண்ற, உங்க அண்ணன் தோலுக்கு ஒன்னும் இல்லியா?" என்று நான் உள்ளே நுழைந்ததுமே ஆரம்பித்தான்.

அதற்குத்தானே காத்திருந்தேன். படங்களை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கி, வெளிச்சம் விழும் பக்கம் திரும்பிப் பிடித்தான்.

"ஏரி வத்தி வெடிச்ச மாதிரி இருக்குது."

"தோல் செல்லுணா. நடுவுல இருக்கிறது நான் கீறின காயம். இது கீறின உடனே எடுத்தது, இது மறுநாள். பாரு, மூடவே இல்ல. நீ ராத்திரி போடறியே, அந்த மருந்துதான் ஊத்தியிருக்கேன்."

இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது ரெண்டும் ஒரே எடமா?"

"ஆமா."

"இங்க மூக்கு மாதிரி ஒன்னு நீட்டிக்கினு இருக்குது. இதுல காணோமே."

"செல்லு நகந்திருக்கும்ணா."

"நகரவே இல்லன்னுதான சொல்ற?"

அடுப்படியிலிருந்து அண்ணி சிரித்தார். "வக்கீலுக்குப் படிக்க வேண்டியவரு, தறியில உக்காந்துக்கினு இருக்காரு."

எனக்குச் சுருக்கென்றது. மேடத்தின் கண்ணுக்கே படாதது, ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கும் படாதது, பத்தாவது தாண்டாத என் அண்ணனுக்கு ஒரு நிமிடத்தில் பட்டுவிட்டது. வெட்கப்பட்டிருக்க வேண்டிய அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது. "ஒரே இடம்தாண்ணா. எடுத்தவ நானா நீயா? அடியில குறி போட்டு வெச்சுதான் எடுக்கிறது" என்றேன். குறி போட்டது உண்மைதான். அந்த ஒரு உண்மையை வைத்துப் பொய்யை மூடினேன்.

"சரிமா, சரிமா" என்று படங்களைத் திருப்பித் தந்தான்.

அதோடு விட்டேனா? ராத்திரி மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம் என்றேன். புண் ஆறியதும் மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம் என்றேன்.

"கொலஸ்ட்ரால் கெட்டதுன்னுதான இத்த குடுத்தாங்க?"

"ரத்தத்துல ஜாஸ்தியானா கெட்டது. தோலுக்கு அது வேணும்."

"அப்ப எனக்குக் கொழுப்பு வேணும்னு சொல்ற. உங்க அண்ணிகிட்ட சொல்லு, ஜாஸ்தின்னு நாள் தவறாம திட்டிக்கினு இருக்குது."

அண்ணி சிரிக்கவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்தார். "டாக்டர ஒரு வார்த்த கேட்டுக்கலாமா பாப்பா? நெஞ்சு விசயம்."

"டாக்டருக்கு இதெல்லாம் இன்னும் தெரிஞ்சிருக்காது அண்ணி. இது இப்பதான் கண்டுபிடிச்சிக்கினு இருக்கோம்" என்றேன்.

இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இருபது வருடத்துக்குப் பிறகும் முகம் சுடுகிறது. அப்படிச் சொன்னதோடு நிற்கவில்லை. அவன் பழக்கதோஷத்தில் போட்டுவிடக் கூடாதென்று ஜரிகைப் பெட்டியைத் திறந்து, அந்த மாத்திரை அட்டையை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அது புரட்டாசிக் கடைசி. ஐப்பசியில் மழை பிடித்தது. ஆஸ்டலுக்குப் பக்கத்து பூத்திலிருந்து வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போன் செய்வேன். "இங்க ஒரே மழமா. தாமல் ஏரி ரொம்பி வழியுதாம், பாக்கறதுக்கு ஜனம் பஸ் ஏறிக்கினு போவுது" என்பான் அண்ணன். பிறகு குரலை உயர்த்துவான். "உன் வைத்தியம் கேக்குது பாப்பா. புண்ணு காஞ்சிக்கினு வருது."

அடுத்த வாரம் இன்னும் சுருங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் ஓரத்தில் புதுத் தோல் வந்துவிட்டது என்றான். நான் பூத்திலிருந்து குதித்துக்கொண்டு வந்தேன். ஆய்வுக்கூடத்தில் வாராவாரம் நடக்கும் கூட்டத்தில், எனக்குத் தெரிந்த ஒருவர் மாத்திரையை நிறுத்தியதும் ஆறாத புண் ஆறுகிறது என்று சொன்னேன். சொந்த அண்ணன் என்று சொல்லவில்லை. மேடம் என் பக்கம் திரும்பினார்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"தெரியல மேடம்."

"உன் தட்டில் ஊற்றியிருக்கும் அளவு மாத்திரை சாப்பிடுகிறவர் ரத்தத்தில் இருப்பதைவிட எத்தனையோ மடங்கு. அதை இறக்கிச் செய்து பார்த்தாயா?"

செய்யவில்லை. அந்த வாரம் செய்தேன். ரத்தத்தில் இருக்கக்கூடிய அளவுக்கு மருந்தை இறக்கி, கீறி, மறுநாள் பார்த்தேன். மருந்து இட்ட தட்டும் இடாத தட்டும் ஒன்றுபோல மூடியிருந்தன. இந்தத் தடவை ஆறு இடத்தையும் பார்த்தேன். ஆறும் மூடியிருந்தன. இன்னும் மூன்று தடவை செய்தேன். அதே கதைதான்.

அன்றைக்கே பூத்துக்கு ஓடியிருக்க வேண்டும். 'அண்ணா, நான் சொன்னது தப்பு, மாத்திரையைப் போடு' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் ஓடவில்லை. புண்தான் ஆறிக்கொண்டு வருகிறதே, முழுசாக ஆறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தட்டில் தெரியாதது உடம்பில் தெரியலாம் அல்லவா என்றுகூட வாதம் கட்டினேன். உண்மையான காரணம் வேறு. தப்பு என்று சொன்னால் ஏன் தப்பு என்று கேட்பான். கேட்டால் அந்த மூக்கில் போய் நிற்கும். அவன் முன்னால் சின்னவளாகிவிடக் கூடாது என்று பார்த்தேன். அவன் நெஞ்சு எனக்கு இரண்டாவதாகத்தான் இருந்தது.

மார்கழி நடுவில் ஊருக்குப் போனேன். தை முகூர்த்தப் புடவைகளுக்கு அவசரம், தெரு முழுக்கத் தறிச் சத்தம். அண்ணன் தறியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் குழியிலிருந்து காலைத் தூக்கி மேலே வைத்தான். கட்டுத் துணி நனைந்திருந்தது. பிரித்துப் பார்த்தேன். புண் பழைய எட்டணாவைத் தாண்டி ஒரு ரூபாய் ஆகியிருந்தது.

"ஆறிடுச்சின்னு சொன்னியே?"

"ஆறிச்சிமா. மறுக்கா வந்துடுச்சி" என்று, தானே ஏதோ தப்புச் செய்தவன்போலச் சொன்னான்.

அண்ணிதான் விவரம் சொன்னார். "மழையில குழியெல்லாம் ஊத்து எடுத்துக்கிச்சில்ல? ஒரு மாசத்துக்கு மேல தறியில ஏற முடியல. மனுசன் கட்டில்ல கால நீட்டிக்கினு டிவி பாத்துக்கினு கெடந்தாரு. அப்ப நல்லா காஞ்சிது. தண்ணிய எறச்சிட்டு ஏறி உக்காந்தாரு, பத்து நாளுல தொறந்துக்கிச்சி."

நான் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரையில் தோண்டிய தொடையாழக் குழி. காலையிலிருந்து மாலை வரை காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து மிதிகட்டையை மிதிக்க வேண்டும். மேலே ஏற வேண்டிய ரத்தம் ஏறாமல் கணுக்காலில் தேங்கும். கால் வீங்கும். அங்கே ஒரு புண் வந்தால் எங்கிருந்து ஆறும்? இதைச் சொல்ல நுண்ணோக்கி வேண்டாம். நான் அந்தக் கூடத்தில் தவழ்ந்தவள். ஒவ்வொரு ஐப்பசியிலும் அந்தக் குழியில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்தவள், அந்தத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டவள். ஊரெல்லாம் மழை என்று அவன் போனில் சொன்னபோது குழி என் நினைப்புக்கே வரவில்லை. வெளியூர்க்காரர் யாராவது வந்திருந்தால், முதல் பார்வையிலேயே "இப்படித் தொங்கப்போட்டுக்கொண்டா உட்காருவீர்கள்?" என்று கேட்டிருப்பார். பிறந்ததிலிருந்து பார்த்த குழி எனக்குத் தரை மாதிரி ஆகிவிட்டிருந்தது.

எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. மாத்திரைக்கும் புண்ணுக்கும் சம்பந்தமில்லை. மூன்று மாதமாக ஒரு இதய நோயாளியின் மருந்தை நான் கைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். அந்த அட்டை அப்போதும் பையில்தான் இருந்தது. பை என் தோளில்தான் தொங்கியது.

சொன்னேனா? "அடுத்த வாரம் வரேண்ணா. ரெண்டு பேரும் சேந்து டாக்டரப் பாத்துட்டு மாத்திரையப் பத்திப் பேசிக்கலாம்" என்றேன். டாக்டர் 'போடு' என்று சொன்னால் அது டாக்டரின் பேச்சாகிவிடும், என் தப்பு வெளியே வராது. ஒரு வாரம்தானே என்று நினைத்தேன். காலை மேலே தூக்கி வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாயங்கால பஸ்ஸைப் பிடித்தேன்.

வியாழக்கிழமை காலை தறியில் உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். எதிர்வீட்டு ஆட்டோவில் ஏற்றி உள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஆய்வுக்கூடத்திலிருந்து நேராகப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்த அட்டை துணி வழியாகக் கையில் உறுத்தியது.

பிழைத்துக்கொண்டான். ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செத்துப்போனது. மூன்றாம் நாள் டாக்டர் மருந்துச் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"இந்த மாத்திரையை எப்போதிலிருந்து நிறுத்தினீங்க?"

"மூணு மாசம் இருக்கும் சார்" என்றான் அண்ணன்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

மேடம் கேட்ட அதே கேள்வி. கட்டிலின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அண்ணி. அண்ணி என்னைப் பார்த்தார். அண்ணன் பார்க்கவில்லை.

"யாரும் சொல்லல சார். நானேதான். சோம்பேறித்தனம்" என்றான்.

"இவ்வளவு அலட்சியமா இருந்தா எப்படிங்க? உங்க தங்கச்சி இதே துறையில ஆராய்ச்சி பண்றாங்களாமே. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருக்கணும் சார்" என்றான்.

நான் டாக்டரின் பின்னாலேயே வெளியே போய், நிறுத்தியதால்தான் இப்படி ஆனதா என்று மட்டும், யாரோ மூன்றாவது மனுஷிபோலக் கேட்டேன். அதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, நிறுத்தாமல் இருந்தால் வந்திருக்காது என்றும் சொல்ல முடியாது, ஆனால் நிறுத்தியிருக்கக் கூடாது என்றார். இந்தப் பதிலில் ஒளிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. சில வருடங்கள் ஒளிந்துகொண்டுதான் இருந்தேன்.

மேடத்திடம் போய், அந்தப் படங்களில் இடம் மாறிப்போய்விட்டது என்றேன். நான்தான் மாற்றினேன் என்று சொல்ல நா எழவில்லை. அவர் இரண்டையும் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. ஒன்றரை வருடம் ஆயிற்று. ஒவ்வொரு தட்டிலும் ஆறு இடம், ஆறும் கணக்கில். மருந்து மிக அதிகமாக இருந்தால் செல்கள் பெருகுவதும் ஊர்வதும் குறைகின்றன, சாதாரண அளவில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. தட்டில் கண்டதை மனிதருக்குப் பொருத்திச் சொல்ல முடியாது என்று ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அதை எழுத எனக்கு இருந்த தகுதி வேறு யாருக்கும் இருந்திருக்காது.

ஆய்வேட்டைக் கட்டி வாங்கியதும் ஒரு பிரதியை ஊருக்கு எடுத்துப் போனேன். தறி அதற்குள் அண்ணியின் கைக்குப் போயிருந்தது. அண்ணன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இன்னும் அழுத்தி அடி, கரையப் பாரு, கரையப் பாரு" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தான். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. புண் இருந்த இடத்தில் மினுமினுப்பாக ஒரு தழும்பு. கால் மேலே இருந்ததால் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டிருந்தது. ராத்திரி மாத்திரையையும் தவறாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தான்.

புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். எழுத்தைத் தள்ளித் தள்ளிப் படங்கள் இருக்கும் பக்கத்துக்கு வந்தான். ஜன்னல் பக்கம் திருப்பி, இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது ஒரே எடம்" என்றான்.

"ஆமாணா."

"அன்னிக்குக் காட்டினியே, அது வேற வேற எடம்."

அண்ணி தறியை நிறுத்திவிட்டார். நான் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "தெரியுமாணா உனக்கு?"

"தெரியாம? முப்பது வருசமா ரெண்டு புட்டாவ மாத்தி மாத்திப் பாக்கறதுதான பொழப்பு. பாத்ததுமே தெரிஞ்சிடுச்சி."

"தெரிஞ்சிதான் மாத்திரைய நிறுத்தினியா? ஏண்ணா?"

அவன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று அவனுக்கு விளங்கவேயில்லை.

"நீதான் ஒரே எடம்னு சொன்னியே பாப்பா" என்றான்.